திருமேனி சார் அவுட்

ஓய்வு பெறும் வருடத்தில் திருமேனி சாரின் தலையில் மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடம் வந்து விழுந்தது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் முழித்தவர், பக்கத்து வகுப்பு நசீமா டீச்சரையே குருவாக வரித்துக்கொண்டார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். கற்றுக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஒருநாள் மத்தியானம் சோர்ந்துபோய் வந்தார்.

“நீங்க சொன்ன மாதிரி விளையாட்டுத்தான் வச்சேன் டீச்சர். பந்தைப் பிடிக்கிற பிள்ளை, நேத்து என்ன செஞ்சேன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லணும். தப்புன்னா அவுட். இசக்கின்னு ஒரு பிள்ளை, தினமும் வாயே திறக்காம அவுட்டாகி, சுவரோரம் போய் உக்காந்துக்கிடுதா. ஜூன்லருந்து அவ குரலையே நான் கேக்கல. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள அவளை ஒரு வரி பேச வச்சிரணும். மனசு கிடந்து அடிச்சுக்கிடுது.”

டீச்சர் மைதானத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளிடம் அவரைக் கூட்டிப்போனார்.

“சாரையும் சேத்துக்கிடுங்க பிள்ளைகளா.”

சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டினார். இரண்டாவது கட்டத்திலேயே கோட்டை மிதித்தார்.

“சார் அவுட்!” பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அடுத்து வந்த ஒன்றாம் வகுப்பு வாண்டு, ஒரு கோடு விடாமல் மிதித்துக்கொண்டே போனது. யாரும் ‘அவுட்’ சொல்லவில்லை. சாருக்குப் பொறுக்கவில்லை.

“அவ மட்டும் எப்படி ஆடுதா?”

“அவ ஒப்புக்குச் சப்பாணி சார். அவளுக்கு அவுட் கிடையாது.”

“எதுவரைக்கும்?”

“அவளுக்கு நல்லா ஆட வர்ற வரைக்கும்.”

சார் எழுந்து டீச்சரிடம் வந்தார். “அப்போ, இசக்கியை ஒப்புக்குச் சப்பாணியா வச்சிரட்டுமா?”

“தனியா வச்சா கூச்சப்படுவா. கூட நீங்களும் சப்பாணியா இருங்க சார்.”

சாருடைய இங்கிலீஷும் அப்படி இப்படித்தான். அந்தப் பயத்தில்தான் இதுவரை பந்தைத் தொடாமல் விசில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாடவேளை நடுவில் மூச்சு வாங்க ஓடிவந்து, நசீமா டீச்சரின் வகுப்பு வாசலில் நின்றார்.

“டீச்சர்! நான் பந்தைப் பிடிச்சுச் சொன்ன வரி தப்புன்னு இசக்கி எந்திரிச்சு நின்னு திருத்துனா!”

“சரியாத் திருத்தினாளா?”

“இல்ல, அதுவும் தப்புதான்.” சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஆட்டம் அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு!”

டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“அப்போ இங்க எதுக்கு நிக்கீங்க சார்? உங்க முறை வந்திருக்கும். ஓடுங்க.”