மேனேஜர் பெயரில் ஒரு ரோஜா

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுக்குச் சடையப்பன் என்று புது மேனேஜர் வந்தார். கோடையில் அவர் போட்ட முதல் உத்தரவு, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது. "வெறும் மண்ணைக் குளிப்பாட்டுவீங்களா?" என்றார்.

குழி காய்ந்தது. கசிகிற மின்சாரம் மண்ணில் இறங்க வழியில்லாமல் கன்ட்ரோல் பேனல் குழம்பி, மிஷின் நினைத்தபோதெல்லாம் நின்றது.

எலக்ட்ரீஷியன் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார் சடையப்பன். "இன்னொரு தடவை மிஷின் நின்னா உனக்கு வேலை இல்லை. மண்ணுக்குச் சொட்டுத் தண்ணியும் கிடையாது."

"சரிங்க சார். உங்க பேர்ல ஒரு ரோஜாச் செடி வெச்சுக்கட்டுங்களா?"

மேனேஜர் முகம் மலர்ந்தது. "வை. அது வாடினா உன்னைத் தொலைச்சிடுவேன். குடம் குடமா ஊத்து."

அதன்பின் மிஷின் நிற்கவே இல்லை. பார்வையிட வந்த முதலாளியிடம், "எல்லாம் என் கண்டிப்புதாங்க" என்றார் சடையப்பன்.

முதலாளி சுற்றிப் பார்த்தார். எர்த் குழியின் விளிம்பில் ரோஜா பூத்து நின்றது.

"செடி வைக்க வேற இடமே கிடைக்கலையாப்பா?" என்று குடத்தோடு நின்ற ஆரோக்கியத்திடம் கேட்டார்.

"மண்ணுக்கு ஊத்தக் கூடாதுன்னு உத்தரவுங்க முதலாளி," என்றார் ஆரோக்கியம். "அதான் சாருக்கு ஊத்துறேன்."

முதலாளி சிரித்து ஓயும்வரை சடையப்பன் அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.