பூட்டன் வாங்கிய பதக்கம்

"வாத்தியாரே, எங்க பூட்டன் எத்தனை பேரைச் சுட்டிருப்பாரு?"

சம்பந்தம் முதல்நாள் கேட்டது இதைத்தான். அப்புறம் வந்தபோதெல்லாம் கேட்டதும் இதைத்தான்.

இனாயத் வாத்தியார் கையை நீட்டினார். சம்பந்தம் கொண்டுவந்திருந்த பூட்டனின் பதக்கத்தை வாங்கினார். வெள்ளைக்கார ராணியின் முகம் இருந்த பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

"முகம் எல்லாப் பதக்கத்துக்கும் ஒண்ணுதான் சார். ஆளோட பேரு விளிம்புலதான் வெட்டியிருக்கும். அதைப் படிக்கக் கத்துக்குங்க."

வேலூரில் பழைய பட்டாளத்துப் பதக்கங்களைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சம்பந்தம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாத்தியாரைவிட வயசில் மூத்தவர். ஆனாலும் கைகட்டித்தான் நிற்பார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசாவது ஒண்ணாவது!

அந்த ராணி காலத்துப் பர்மா சண்டைக்குப் போய்வந்த பூட்டன் முனிரத்தினம் அவர்கள் குடும்பத்துக்குக் குலசாமி மாதிரி. துப்பாக்கியும் கையுமாக அவருக்கு ஒரு சிலை செய்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் கூடித் திறப்புவிழா. பூட்டன் வீரத்தைப் பற்றிப் பேசப்போவது சம்பந்தம்.

இந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது வினை.

ஆயுத பூஜைக்குப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த வருஷம் சம்பந்தம் கொஞ்சம் ஆசையாகவே தேய்த்துவிட்டார். மேலே இருந்த வெள்ளி உரிந்துபோய், உள்ளே வெண்கலம் பல்லை இளித்தது.

அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரோ ஏமாத்திட்டான் வாத்தியாரே! அசலை எடுத்துக்கிட்டுப் போலியை வெச்சிட்டான்!"

"இதுதான் அசல். வெள்ளி முலாம்தான் உங்க வீட்டுல யாரோ பூசினது."

"அப்போ வெண்கலம்?"

"சிப்பாய்க்கு வெள்ளி. பட்டாளத்தோட கூடப்போன வேலையாளுக்கு வெண்கலம்."

வாத்தியார் லண்டனிலிருந்து வரவழைத்திருந்த பதக்கப் பதிவின் நகலை எடுத்து நீட்டினார்.

"விளிம்புல இருக்கிற பேரை இதுல தேடுங்க. நீங்களே படிங்க."

சம்பந்தம் தேடினார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

முனிரத்தினம். டோலி தூக்குபவர்.

"டோலின்னா?"

"சண்டையில அடிபட்டு விழுந்தவனைப் படுக்க வெச்சு, ஆஸ்பத்திரி கூடாரத்துக்குத் தூக்கிட்டு வர்றது."

"துப்பாக்கி?"

"தோள்ல டோலி. துப்பாக்கியை எங்கே வெச்சுக்கிறது?"

சம்பந்தத்துக்கு மானமே போன மாதிரி இருந்தது. பதக்கத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பூட்டன் பேரே கெட்டுப்போச்சே! ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மைக் புடிப்பேன்? ஆளைத் தூக்கறதெல்லாம் ஒரு வீரமா வாத்தியாரே? யார் வேணா தூக்கலாமே!"

வாத்தியார் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ கொண்டுவந்த கஜபதியைக் கூப்பிட்டார்.

"கஜபதி, டீயை அப்படி வை. இந்த நாற்காலியை அந்தப் பக்கம் புடி. சார், நீங்க இந்தப் பக்கம். என்னைத் தூக்குங்க."

"எங்கே?"

"தெருமுனை வரைக்கும்."

வாத்தியார் சாப்பாட்டில் வஞ்சனை வைக்காத மனுஷர். எப்படியோ தூக்கிவிட்டார்கள். வாசல் தாண்டுவதற்குள் சம்பந்தத்துக்கு நாக்குத் தள்ளியது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பாய், மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று யாரோ கேட்டுவிட்டுப் போனான்.

கை வழுக்கியது. முட்டி வெடவெடவென்று ஆடியது. வேட்டி வேறு நழுவப் பார்த்தது.

"முடியல வாத்தியாரே," என்று சம்பந்தம் நாற்காலியைத் தரையில் இறக்கப் போனார்.

"வெக்காதீங்க சார்."

"ஏன்?"

"சுடுறாங்க."

சம்பந்தம் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணை மூடி, அடிபட்டவர் மாதிரி தலையை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தார்.

சம்பந்தத்துக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியை இழுத்துப் பிடித்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"நல்லாப் புடி கஜபதி," என்றார். "எங்க பூட்டன் பேரைக் கெடுத்துடாதே."