மூடியாச்சுன்னு யாரும் சொல்லல

ஒரு மலையில ஒரு வட்ட வீடு, அந்த வட்ட வீட்டுல ஒரு நாற்காலி இருந்துதாம். ம் சொல்லு. ம். அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, கூரைதான் ஜன்னல். இருட்டினதும் கயித்தைப் புடிச்சு இழுத்தா கிர்ர்ர்ர்னு கூரை பிளந்துக்கும். உள்ள இருக்கற பெரிய டெலஸ்கோப்பு அந்தப் பிளவு வழியா வானத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். அதோட அடியிலதான் அந்த நாற்காலி.

அந்த நாற்காலியில ராத்திரி ராத்திரி உக்காந்திருந்தவர் பேரு ஏகாம்பரம். அவருக்கு ஒரே ஒரு வேலை. கண்ணை எடுக்காம இருக்கறது. இதெல்லாம் ஒரு வேலையாங்கறியா? கேளு. வெகு தூரத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால டெலஸ்கோப்புக்குள்ள ஒரு கண்ணாடித் தகடு வைப்பாங்க. பிளேட்டுன்னு சொல்வாங்க. அதுல ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். மண்பானையில தண்ணி கசியற மாதிரி, வெளிச்சம் அதுல துளித்துளியா ஊறும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம். அப்புறம் கழுவினா, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதுல தெரியும். ஆனா மாத்தித் தெரியும். வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு.

பூமிதான் சுத்திக்கிட்டே இருக்கே, நாலு மணி நேரத்துல நட்சத்திரமெல்லாம் நழுவிப் போயிடாதா? போயிடும். அதுக்காக டெலஸ்கோப்பை மெல்ல மெல்லத் திருப்ப ஒரு கடிகாரம். டிக், டிக், டிக். அது கிழட்டுக் கடிகாரம், நம்ப முடியாது. அதனால பக்கத்துலயே, கண்ணு வச்சுப் பாக்க ஒரு சின்னக் குழாய். அதுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு சிலந்தி நூல். நிஜமாவே சிலந்தி நூல்தான், அதைவிட மெல்லிசா மனுஷனுக்கு இழுக்கத் தெரியல. அந்த நூல் ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு நட்சத்திரத்தை உக்கார வைக்கணும். அது மயிரிழை நகந்தாலும் ஒரு திருகைத் திருப்பி மறுபடி உக்கார வைக்கணும். கிலிக். அப்புறம் கிலிக். கண்ணை எடுத்தா போச்சு, புள்ளியெல்லாம் கோடாயிடும்.

அவரா எழுந்திரிக்கக் கூடாது. அவர்கிட்ட யாரும் பேசவும் கூடாது. மாசிலாமணின்னு ஒரு ஆள் இருந்தான், பிளேட்டைத் திறக்கறதும் மூடறதும் அவன் வேலை. நேரம் ஆனதும் டப்புனு மூடியைத் தள்ளிட்டுச் சொல்வான், "அண்ணே, மூடியாச்சு. கண்ணை எடுத்துக்கலாம்." அந்தச் சொல்லு காதுல விழற வரைக்கும் ஏகாம்பரம் அசையமாட்டார். அது அந்த வீட்டு வழக்கம்.

அப்புறம் அபரஞ்சி. அவ ஏகாம்பரத்தோட பொண்டாட்டி. அவளுக்கும் அதே மலையிலதான் வேலை, ஆனா பகல் வேலை. ராத்திரி எடுத்த பிளேட்டை வெளிச்சத்துக்கு மேல வச்சு, பூதக்கண்ணாடியில பாத்து, எந்தப் புள்ளி எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு அளந்து எழுதணும். அவர் இறங்கி வர்றப்போ இவ ஏறிப் போவா. இவ இறங்கறப்போ அவர் ஏறிப் போவார். பாதி வழியில, பத்தாம் படியில, ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. ஏழு வருஷம் இப்படித்தான்.

தூக்கம் வராம இருக்க ஏகாம்பரம் மூக்குப்பொடி போடுவார். ஹச்சுனு தும்மினா நெத்தி குழாய்ல இடிச்சு டெலஸ்கோப்பு ஒரு தடவை ஆடும். மறுநாள் பிளேட்டுல, பளிச்சுனு இருக்கற நட்சத்திரத்துக்கெல்லாம் ஒரே பக்கமா ஒரு குட்டிக் கொக்கி இருக்கும், நகத்தால கீறின மாதிரி. அது வேற யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பத்தாம் படியில அபரஞ்சி சொல்வா.

"நேத்து ரெண்டு தும்மல்."

"ஒண்ணுதான். இன்னொண்ணு காத்து."

"காத்துக்குக் கொக்கி போடத் தெரியுமா?"

"இந்த மலைக் காத்துக்குத் தெரியும்."

அவ்வளவுதான், சிரிச்சுக்கிட்டே அவர் மேல போயிடுவார். ம் சொல்லு. ம்.

அப்போ ஒரு தை மாசம். பனியில பல்லு கிட்டுது. அன்னிக்கு அவங்க எடுத்தது ஒத்தை நட்சத்திரம் இல்ல, ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம். கோலமாவைத் தண்ணியில சுழட்டி விட்ட மாதிரி ஒரு சுருள், அதுக்குள்ள கோடி கோடி சூரியன். அந்த வெளிச்சம் அங்கேர்ந்து புறப்பட்டப்போ பூமியில மனுஷனே கிடையாது. அவ்வளவு தூரம் வந்த வெளிச்சம், கடைசியில ஏகாம்பரத்தோட கண்ணை நம்பி அந்தக் கண்ணாடியில வந்து இறங்குது. ராத்திரி பத்து மணி பத்து நிமிஷத்துக்குத் திறந்தாங்க. ரெண்டு பத்துக்கு மூடணும்.

ஒரு மணி வாக்குல டங்குனு ஒரு சத்தம். பொடி டப்பா கீழ விழுந்துது. மாசிலாமணி எடுத்துக் கையில குடுத்தான். கை வாங்கல. தொட்டுப் பாத்தான், ஜில்லுனு இருந்துது. கண்ணு மட்டும் குழாய்லயே இருந்துது.

அவன் அலறிக்கிட்டுக் கீழ ஓடினான். ஆளுங்க வந்தாங்க, தூக்கிக்கிட்டுப் போனாங்க. யாருக்கும் கூரை ஞாபகம் இல்ல, பிளேட்டு ஞாபகமும் இல்ல. விடிஞ்சு வெயில் வந்து அந்தப் பிளேட்டு முழுசும் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு.

பதினாறு நாள் காரியமெல்லாம் முடிஞ்சு அபரஞ்சி மறுபடி வேலைக்கு வந்தா. நாற்காலியில இப்போ மாசிலாமணி. புது ஆள் வர்ற வரைக்கும் திறக்கறதும் அவனே, பாக்கறதும் அவனே. மொத ராத்திரி முடிஞ்சு காலையில முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவகிட்ட வந்து நின்னான். உக்காந்த கால்மணியிலயே தூங்கிட்டேன்க்கா, பிளேட்டு கோடு கோடாத்தான் இருக்கும், பெரிய அதிகாரி டைரக்டர் கேட்டா மேகம்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சினான். அபரஞ்சி பிளேட்டை வெளிச்சத்துல வச்சா. கோடே இல்ல. கடுகைக் கொட்டின மாதிரி அத்தனையும் உருண்டைப் புள்ளி. பெரிய புள்ளிக்கெல்லாம் கீழ ஒரு குட்டிக் கொக்கி.

"நீ தும்மினியா, மாசிலாமணி?"

"தூங்கறவன் எங்கக்கா தும்மறது?"

அவ பூதக்கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பாத்தா. பயம் கால்வாசிதான். மிச்சம் என்னன்னு அவளுக்கே சொல்லத் தெரியல.

ரெண்டாம் ராத்திரி, நாற்காலியில உக்காரவே வேணாம், திறந்து வச்சுட்டு வெளிய வந்துடுன்னு சொல்லி அனுப்பினா. அவன் வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து காதைப் பொத்திக்கிட்டானாம். பொத்தின காதுலயும் கேட்டுதாம். கிலிக். அப்புறம் கிலிக். மறுநாள் பிளேட்டுல புள்ளி, ரெண்டு கொக்கி.

மூணாம் ராத்திரி கடிகாரத்தையே நிறுத்தச் சொன்னா. டிக் டிக் நின்னு போச்சு. டெலஸ்கோப்பு மரக்கட்டை மாதிரி நின்னுது. உயிருள்ள யாராலயும் ஆகாத காரியம் அது. அன்னிக்கும் புள்ளிதான், கொக்கி மூணு.

மறுநாள் சாயங்காலம் பத்தாம் படியில நின்னு, வெறும் காத்துகிட்ட, "நேத்து மூணு தும்மல்"னு சொன்னா. பொடி வாசனை மட்டும் மூக்குல ஏறிச்சு.

அப்புறம் அவ யார்கிட்டயும் வாயைத் திறக்கல, மாசிலாமணியையும் திறக்கவிடல. டைரக்டருக்கு ஏக சந்தோஷம். இந்த மலையில இப்படி யாரும் பிளேட்டு எடுத்ததில்லைன்னு மாசிலாமணி முதுகுல தட்டினார். அவன் பேயறைஞ்ச மாதிரி நின்னான். அபரஞ்சி மறுபடி சாப்பிட ஆரம்பிச்சா. காலையில எழுந்ததும் மலை ஏறணும்னு தோணுச்சு. போனவர் எங்கயும் போகல, ராத்திரி வேலைக்குத்தான் போயிருக்கார், எப்பவும் அப்படித்தானே இருந்தோம். தலை நரைக்கற வரைக்கும் இப்படியே இருந்துட்டாப் போதும்னு நினைச்சா. தூங்கிட்டியா? ம். சரி.

மாசம் ஒண்ணு போச்சு. கொக்கி அஞ்சாச்சு, எட்டாச்சு, பதினொண்ணாச்சு. அப்புறம் ஒருநாள் புள்ளியோட உருவமே மாறிப் போச்சு. ஒவ்வொரு நட்சத்திரமும் கீழ இழுபட்டு, வெடுக்குனு மேல எழும்பி, மறுபடி கீழ இழுபட்டிருந்துது. உக்காந்தபடி தூங்கி விழறவங்க தலை எப்படி விழும், எப்படி எழும்பும்? அதே மாதிரி. ஆயிரம் நட்சத்திரமும் தூங்கி விழுந்துது. அபரஞ்சி பூதக்கண்ணாடியைக் கீழ வச்சுட்டா.

அன்னிக்கு மாசிலாமணி இன்னொண்ணு சொன்னான். பகல்லயும் கேக்குதுக்கான்னான். அவ நம்பல. உச்சிவெயில்ல தானே ஏறிப் போயி வட்ட வீட்டைத் திறந்தா. கூரை மூடியிருந்துது. கும்மிருட்டு. டெலஸ்கோப்புக்கும் மூடி போட்டிருந்துது, குழாய்க்கும் மூடி போட்டிருந்துது. பாக்கறதுக்கு அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நாற்காலிப் பக்கத்துல கிலிக். கொஞ்சம் விட்டு, கிலிக்.

அவ மெதுவாக் கதவைச் சாத்திட்டு வந்து, ராத்திரி நேரமெல்லாம் குறிச்சு வைக்கற நோட்டை எடுத்தா. தை மாசத்துப் பக்கத்தைப் புரட்டினா. திறந்தது பத்து பத்து. மூடினதுங்கற இடம் காலியா இருந்துது.

"அன்னிக்கு நீ அவர்கிட்ட சொன்னியா?"

"என்னன்னுக்கா?"

"மூடியாச்சுன்னு."

மாசிலாமணி தரையைப் பாத்தான். "செத்தவர்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

அப்போ அவளுக்கு விளங்கிடுச்சு. அவருக்கு அந்த ராத்திரி இன்னும் முடியல. யாரும் முடிச்சு வைக்கல. நாப்பத்து சொச்சம் நாளா பகலும் ராத்திரியும் கண்ணை எடுக்காம உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை சொன்னா எழுந்துடுவார். எழுந்துட்டா, அப்புறம் கொக்கி இருக்காது. பொடி வாசனை இருக்காது. அவளுக்குன்னு ஒண்ணுமே இருக்காது.

அதனால முதல் நாள் தலைவலின்னு வீட்டுலயே படுத்துக்கிட்டா. ரெண்டாம் நாள் மழை வரும்போல இருக்குன்னு சொல்லிக்கிட்டா, வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. மூணாம் நாள் மாசிலாமணி ஒரு பிளேட்டைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போனான். நட்சத்திரமெல்லாம் விழுந்து விழுந்து எழும்பி, ஒரு இடத்துல எழும்ப முடியாம அப்படியே தொங்கிக்கிட்டிருந்துது. அவ எழுந்து கம்பளியைப் போத்திக்கிட்டா.

இருட்டு அறையில புதுப் பிளேட்டை எடுத்து, மூலையை உதட்டுல வச்சுப் பாத்தா. ஒட்டற பக்கம்தான் மருந்துப் பக்கம், இருட்டுல கண்டுபிடிக்க அதுதான் வழி. மாசிலாமணி கூரையைத் திறந்துட்டு வெளிய போயிட்டான். டெலஸ்கோப்பை அதே சுருளுக்குத் திருப்பி, சரியாப் பத்து பத்துக்கு அவ பிளேட்டைத் திறந்தா. நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டா. நாற்காலியை நிமிந்து பாக்கல.

டிக், டிக். கிலிக். பொடி வாசனை. ஒரு தடவை, ரொம்பக் கிட்டத்துல, ஹச்சுனு ஒரு தும்மல். அவ மேல ரெண்டு துளி ஜில்லுனு பட்டுது. துடைச்சுக்கல. ஏழு வருஷத்துல ஒரு ராத்திரிகூட அவ அவரோட உக்காந்ததில்ல. பேசக் கூடாதே, பேசல. நாலு மணி நேரம், அந்தக் கோடி சூரியனோட வெளிச்சம் வந்து இறங்க இறங்க, ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தாங்க.

ரெண்டு பத்தாச்சு. அவ எழுந்திரிக்கல. ரெண்டே காலாச்சு. தலைக்கு மேல ஒரு பெருமூச்சு கேட்டுது, அலுத்த பெருமூச்சு. இப்படியே விடிஞ்சா மறுபடி வெயில் வந்துடும், மறுபடி எல்லாம் கறுத்துடும், அவர் உக்காந்தே இருப்பார். அவ எழுந்து மூடியைத் தள்ளினா. டப்.

"என்னங்க," அப்படின்னா. "மூடியாச்சு. கண்ணை எடுத்துக்கலாம்."

திருகு நின்னுது. அப்புறம் நாற்காலி க்ரீச்சுனு பின்னால நகந்துது. தப், தப், தப்னு படியில காலடி இறங்குச்சு. அவ எண்ணிக்கிட்டே நின்னா. பத்தாம் படி வந்ததும் நின்னுது. கொஞ்சம் காத்திருந்த மாதிரி இருந்துது. அப்புறம் அதுவும் இல்ல.

அவ நோட்டை எடுத்து, தை மாசத்துக் காலி இடத்துல எழுதினா. மூடியது, ரெண்டு இருபது.

மறுநாள் அந்தப் பிளேட்டைக் கழுவிப் பாத்தா, அந்தச் சுருள் அப்படி விழுந்திருந்துது, ஒவ்வொரு கையும் தெரிஞ்சுது. சுத்தியிருந்த நட்சத்திரத்துல ஒரே ஒரு கொக்கி. சாயங்காலம் பத்தாம் படியில நின்னு, "ஒண்ணுதான். நீங்க சொன்னது சரி"ன்னா. வாசனை வரல. வெறும் மலைக் காத்து.

அதுக்கு மறுநாள் மாசிலாமணி எடுத்த பிளேட்டு வந்துது. பாவி, மறுபடி தூங்கியிருக்கான். அத்தனை நட்சத்திரமும் கோடு கோடா, சாய்ஞ்ச மழை மாதிரி ஓடியிருந்துது. ஒரு புள்ளியைக்கூட யாரும் புடிச்சு நிறுத்தல. அத்தனை நாள் அழாதவ, அந்தக் கோட்டைப் பாத்துதான் அழுதா. அவர் தூங்கிட்டார்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு மாசிலாமணியைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் ஒரு பொடி டப்பா வாங்கிக்கோன்னு சொன்னாளாம்.

ம் சொல்லு. ம்...

கதை மூடியாச்சு, கண்ணு. நீயும் கண்ணை எடுத்துக்கலாம். தூங்கு.