நீள்விழியம்மை கண்ணாடி போட்ட கதை

கொன்றைநல்லூரில் நீள்விழியம்மை கோயில் கொண்டிருக்கிறாள். ஊர் சிறியது, அம்மனின் கண்கள் பெரியவை. அந்தச் சன்னதிக்குத் தெற்கே, காற்றுகூட யோசித்து நுழைகிற ஒரு மூலையில் அமர்ந்து சந்தனம் அரைத்து வந்தார் அமிர்தலிங்கனார். ஊரார் 'னார்' எல்லாம் போட்டு அவரை அழைத்ததில்லை. "ஏய், சந்தனக்கல்லு" என்றால் போதும், எழுந்து வருவார். 'னார்' நாம் போடுவது. போட்டது சரிதானா என்பதைக் கதை முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

விடிந்ததும் குளித்துத் திருநீறு பூசிக் கல்லின் முன் அமர்வார். மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொள்வார். அம்மனுக்கு முன்னால் தாம் அந்த வாசனையை நுகர்ந்துவிடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். கட்டை ஒரு சுற்று சுற்றினால் மனத்துக்குள் ஒரு "தாயே". நம்மில் எத்தனை பேர் வாய் ஓயாமல் நாமம் சொல்கிறோம், மனம் மட்டும் கடைத்தெருவில் திரிகிறது. அவருக்குக் கைதான் கல்லில் இருந்தது, மனம் அவள் காலடியில் கிடந்தது.

அவருக்கும் மனைவி செண்பகத்துக்கும் நெடுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தாள். தில்லைநாயகி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். இதயத்தில் சிறு ஓட்டை இருந்தது, வளர வளர அது தானாக மூடிக்கொண்டது. தைராய்டு குறைவுக்குத் தினமும் காலையில் மாத்திரை. நடப்பதற்கும் பேசுவதற்கும் நாளானது. முன்வினை என்று சிலர் காதுபடவே பேசினார்கள். "அவ குடுத்த புள்ளை, அவளுக்குத் தெரியும்" என்று அமிர்தலிங்கனார் கல்லுக்குத் திரும்பிவிடுவார். செண்பகம் அப்படியல்ல. பேசியவர் வாசலுக்கே போய் நறுக்கென்று நாலு கேட்டுவிட்டுத்தான் வருவார். இரண்டும் பக்திதான் என்று எனக்குப் படுகிறது.

தில்லைக்கு அப்பாவின் மூலைதான் உலகம். சந்தனத்தை அள்ளித் தன் நெற்றிக்கும் தூணுக்கும் பூனைக்கும் பூசிவிட்டுக் கலகலவென்று சிரிப்பாள். ஆனால் தீபாராதனை காட்டும்போது மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவாள். கற்பூரம் எரிந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்களை இறுக மூடி, முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். பார்த்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "நாம கண்ணால பாக்குறோம், இது மனசால பாக்குது" என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவள் கையால் குங்குமம் வாங்கக் கூட்டம் சேர்ந்தது. ஏளனத்தையே கேட்டுப் பழகிய அமிர்தலிங்கனாருக்கு அந்தப் பெருமை இனித்தது. யாருக்குத்தான் இனிக்காது?

தில்லைக்கு ஆறு வயதானபோது ஊரில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. டாக்டரம்மா சிறிய டார்ச் விளக்கைக் குழந்தையின் கண்ணுக்கு நேரே பிடித்தார். உடனே தில்லை தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கண்களை இறுக மூடினாள். முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டாள்.

அமிர்தலிங்கனார் செண்பகத்தைத் திரும்பிப் பார்த்தார். சன்னதியில் நிற்கிற அதே நிலை.

"ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்குப்பா," என்றார் டாக்டரம்மா. "வெளிச்சம் பட்டா கூசுது, அதான் மூடிக்கிறா. இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குப் புரை, மாறுகண், கிட்டப்பார்வை எல்லாம் வர்றது சகஜம். வருஷா வருஷம் கண்ணைக் காட்டணும்னு யாரும் சொல்லலியா?"

ஒருவரும் சொல்லவில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. பக்தி முற்றிய பிள்ளையை எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதானே இருந்தார்? வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். "செண்பகம், புள்ளை கும்பிடலை. கூசிப்போயி நின்னிருக்கா. நீள்விழி அம்மாவை அவ ஒரு நாள்கூடப் பாத்ததில்லை" என்றார்.

அறுவைச் சிகிச்சை என்றதும் ஊர் வாயைத் திறந்தது. கண்ணை அறுத்தால் தெய்வாம்சம் போய்விடும் என்று குங்குமம் வாங்கிய பெண்களே சொன்னார்கள். தர்மகர்த்தா நடராச முதலியார் சிரித்தேவிட்டார். "ஏன்யா, கண்ணு தெரிஞ்சு உன் புள்ளை கலெக்டராவா ஆகப்போவுது?"

"கலெக்டர் ஆவுறதுக்கு இல்லீங்க. அம்மாவைப் பாக்குறதுக்கு" என்றார் அமிர்தலிங்கனார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் முதலில் இதயத்தைப் பார்த்தார்கள், தைராய்டைப் பார்த்தார்கள், மயக்க மருந்து கொடுப்பதற்காகக் கழுத்தெலும்பையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு கண், சில நாள் கழித்து மறு கண். இரண்டும் நல்லபடியாக முடிந்தன. ஆனால் டாக்டரம்மா கண்டிப்பாக ஒன்று சொல்லியனுப்பினார். "புரையை எடுத்தாச்சு. இனிமே பாக்கப் பழகணும். கண்ணாடியைக் கழட்டவே விடாதீங்க. போடாம விட்டா கண்ணு சோம்பிப் போயிடும், அப்புறம் எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கேதான் வந்தது வினை. தில்லை கண்ணாடியைப் போட மாட்டேன் என்றுவிட்டாள். மூக்குத்தண்டு தட்டையாக இருந்ததால் அது வழுக்கி வழுக்கி வாய்க்கு வந்தது. செண்பகம் எலாஸ்டிக் நாடா தைத்துத் தலைக்குப் பின்னால் கட்டிவிட்டார். நாடாவோடு பிடுங்கிச் சந்தனக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொரு நாள் கோயில் பசுவுக்கு வைத்த தவிட்டில் போட்டாள். மிட்டாய் கொடுத்தால் மிட்டாயை வாயிலும் கண்ணாடியைத் தரையிலும் போட்டாள். "அப்பாவும் போட்டுக்கிறேன் பாரு" என்று தானும் ஒரு பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டார் அமிர்தலிங்கனார். அதையும் சேர்த்துப் பிடுங்கினாள். நாட்கள் ஓடின. கல்லில் கை சுற்றியது, ஆனால் தாயே என்பதற்குள் டாக்டரம்மாவின் குரல் வந்து வந்து போயிற்று. அப்போதும் அவர் அம்மனிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கமே அவருக்கு இல்லை.

ஆடி வெள்ளி வந்தது. அன்று அம்மனுக்குச் சந்தனக்காப்பு, திருமேனி முழுதும் சந்தனம். அமிர்தலிங்கனார் முதல் நாளே அரைக்கத் தொடங்கி, மறுநாள் உச்சிப்பொழுதுக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அலங்காரம் செய்பவர் சாம்பமூர்த்தி குருக்கள். ஒரு பூ இடம் மாறினாலும் பொறுக்காத கோபக்காரர். திரைக்குப் பின்னால் அவர் வேலை செய்யும்போது பிரகாரத்தில் குழந்தைகள்கூடத் தும்முவதில்லை.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. அமிர்தலிங்கனார் தில்லையைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். திரை விலகும் நேரம் பார்த்துக் கண்ணாடியை மாட்டிவிட்டார். ஒரு கணம் இருந்தால் அந்த ஒரு கணம் லாபம் என்று நினைத்தார். மணி அடித்தது. திரை விலகியது.

கூட்டம் மூச்சை இழுத்தது. சந்தனத் திருமேனியில், மூக்குத்திக்கு மேலே, சரிகை நூலால் வளைத்துச் செய்த ஒரு கண்ணாடியை அம்மன் அணிந்திருந்தாள்.

தில்லையின் கை கண்ணாடியைப் பிடுங்க மேலே போனது. பாதியில் நின்றது. அம்மனைப் பார்த்தாள். தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் அம்மனைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவும்" என்றாள்.

கற்பூரம் எரிந்தது. தலை சாயவில்லை, கை மறைக்கவில்லை. திறந்த கண்ணோடு பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததில் முன்வரிசை சிரித்தது, பின்வரிசை சிரித்தது. தோளில் பிள்ளையைச் சுமந்துகொண்டு அமிர்தலிங்கனார் மட்டும் தாரை தாரையாக அழுதார்.

"என்ன குருக்களே, அம்பாளை வச்சு விளையாட்டா?" என்று முதலியார் அதட்டினார்.

குருக்கள் தட்டைக் கீழே வைத்தார். "நான் விளையாடலை. மத்தியானம் மண்டபத்துல கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அம்பாள் வந்து நின்னா. 'எனக்கும் தில்லைக்குப் போட்ட மாதிரி ஒண்ணு போடு. சந்தனம் அரைக்கிறானே என் பிள்ளை அமிர்தலிங்கம், அவன் வாயத் திறந்து கேக்க மாட்டான்'னா. நான் என்ன செய்ய?"

என் பிள்ளை. அம்பாள் அப்படித்தான் சொன்னாளாம். சந்தனக்கல்லு என்று அழைத்த ஊர் அன்று அவருக்கு வழிவிட்டது. குருக்கள் பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கி வந்து அவர் தலையில் கட்டினார். முதலியார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அன்றிலிருந்து தூக்கத்தில் தவிரத் தில்லை கண்ணாடியைக் கழற்றவில்லை. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா அதிசயித்து, எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டபோது, "நாங்க எங்க பழக்குனோம்" என்றார் செண்பகம்.

கேளாத அடியாருக்காகத் தன் நீள்விழிகளுக்கும் கண்ணாடி பூண்ட தாயின் கருணை வாழ்க. அவளைத் தன் மகள் பார்க்க வேண்டும் என்பதன்றி வேறொன்றும் விரும்பாத அமிர்தலிங்கனாரின் சந்தனம் மணக்கும் கைகளை வணங்குவோம்.