ரேமின் வெட்டும் அத்தையின் கூப்பாடும்

கணினிக்குள் இருக்கும் சாமான்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ரேம் எதையும் மறக்காது. கரண்ட் போனாலும் மறக்காது. எந்த ரேமையும் எந்த ஸ்லாட்டிலும் செருகலாம். எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். ரேம் வாங்கப் போய்க் கடைக்காரர் கேட்கிற கேள்விகளுக்கு விழிக்கிற நமக்கு அது பொற்காலமாகத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் இன்னாசியம்மாள் என்பவள் ரேம் செய்துகொண்டிருந்தாள். அவள் செய்த முதல் ரேமுக்குத் திரேசு என்று பேர். நிதானக்காரி, நிறையக் கரண்ட் குடிப்பாள். அடுத்துச் செய்தவள் செலின். அவளுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். வேலையிலோ அக்காவைவிட இரண்டு மடங்கு வேகம். செலினுக்கான புதுக் கணினி இன்னும் வந்து சேராததால் மேசைமேல் சும்மா இருந்தாள். இருவருக்கும் அத்தை முறையில் ஒருத்தி உண்டு, ரோம். மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டு கிடப்பாள். கணினியை எழுப்பிவிடுவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அடுத்தவள் அவள் இடத்தில் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் பிற்பகலில் கடலில் காற்று எழும்பியது. கடலுக்குப் போன படகுகளுக்கு வழி சொல்லவேண்டியது இன்னாசியம்மாளின் கணினிதான். அன்றைக்கென்று பார்த்துத் திரேசுக்குச் சூடு. தொட்டால் கை சுட்டது. இன்னாசியம்மாள் அவளைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்தாள்.

"அம்மா, அக்கா இடத்துல நான் உக்காருதேன்," என்றாள் செலின்.

"அவளுக்கு எவ்வளவு கரண்ட்டு தாங்கும்னு கேட்டியா?" என்றாள் அத்தை.

"எல்லாம் ஒரே அளவுதான மதினி. நானே வெட்டுனதுதான," என்றாள் இன்னாசியம்மாள்.

"அளவு சரி. குடிக்கிறது?"

கரையில் பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். இன்னாசியம்மாளுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. இரண்டு பக்கக் கொக்கியும் விழும்வரை செலினை அழுத்தினாள். சுவிட்சைப் போட்டாள். கரண்ட் வந்தபிறகு எழுப்பாமல் இருக்க அத்தைக்குத் தெரியாது. எழுப்பினாள்.

அக்காவுக்கு வருகிற கரண்ட் முழுவதும் தங்கைக்குள் போனது. "அக்கா" என்று செலின் ஒரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கருகல் வாடைதான்.

படகுகள் எப்படியோ தாமாகவே கரை சேர்ந்துவிட்டன. அன்று போனவள் செலின் ஒருத்திதான். இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் படகுகள்மேல் எனக்குக் கோபம் வரும். அது நியாயமில்லை என்றும் தெரியும்.

சூடு தணிந்து திரேசு வேலைக்குத் திரும்பினாள். ஆனால் என்ன கேட்டாலும் முதலில் செலின் பேரைத்தான் சொன்னாள். கணினியை அணைத்த பிறகும் இருட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"தாங்க முடியலம்மா. என் ஞாபகத்த எடுத்துரு."

"அப்ப செலினும் போயிருவாளே ஏட்டி."

"போவட்டும். கரண்ட்டு இருக்க வரைக்கும் வேலை பாக்கேன். நின்னதும் எல்லாம் போயிரணும்."

இன்னாசியம்மாள் அழுதுகொண்டே அப்படிச் செய்தாள், பின்னால் பிறந்தவர்களுக்கும் அப்படியே. பிறகு அத்தையிடம் வந்து நின்றாள். "மதினி, ஒங்களுக்கும் எடுத்துரவா?"

"வேண்டாம். அவள எழுப்புனது நான்தான. ஒருத்தியாவது நெனச்சிக்கிட்டு கெடக்கணும்லா."

அதற்குப் பின் பிறந்த ரேம்களின் அடிவிளிம்பில் இன்னாசியம்மாள் ஒரு வெட்டு வைத்தாள், தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாற்றி. ஸ்லாட்டிலும் அதற்கேற்ற மேடு வைத்தாள். மடிக்கணினிக்குப் போகிறவளை நீளத்திலேயே பாதியாக்கினாள். இனி எவளும் ஆசைப்பட்டாலும் அக்கா இடத்தில் உட்கார முடியாது.

அன்று முதல்தான் கரண்ட் நின்றதும் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது, ரோம் மறப்பதில்லை. கணினியைப் போட்டதும் அத்தை முதல் வேலையாகப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்கிறாள். இடம் காலியாக இருந்தால் வேறெதையும் தொடமாட்டாள். பீப், பீப் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ரேமைச் செருகிப் போட்டால் சத்தம் நின்றுவிடும். அத்தை யாரைக் கூப்பிட்டாள் என்று அந்த ரேமுக்குத் தெரியாது.