மூணாவது கூப்பாடு

படுத்தியா? காலை நீட்டு. போர்வைய எட்டி உதைக்காத. கதை வேணும்னா ஒரு கண்டிசன் வேணிக்குட்டி. அத்தை நிறுத்தற எடத்துலயெல்லாம் "ம்" கொட்டணும். ரெண்டாந்தடவை கேக்க வைக்கக் கூடாது. என்ன?

"ம்."

அப்படித்தான், என்ற கண்ணு.

ஒரு காட்டுல ஒரே ஒரு பெரிய நாவல் மரம். அது மேல ஒரு பரண். பரண்னா மூங்கில்ல கட்டின குட்டி வீடு, ஏணி வெச்சு ஏறணும். கீழ ஒரு குட்டை. பொழுது சாஞ்சா காட்டு மிருகமெல்லாம் அந்தக் குட்டைக்குத்தான் தண்ணி குடிக்க வரும். அதைப் பாக்கறதுக்குன்னு டவுன்ல இருந்து சனம் வரும். வெளிச்சத்துல ஏறி உக்காந்தா விடிஞ்சுதான் எறங்கணும். நடுவுல எறங்கினா சிறுத்தை வெத்தலை பாக்கு வெச்சு வரவேற்கும்.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அந்தப் பரணுக்குச் சனத்தைக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. அண்ணன் நஞ்சன், தம்பி மருதன். இருளர் சனம். தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்து அந்த மலைதான் அவங்களுக்கு ஊரு. மண்ணைப் பாத்தாப் போதும், மான் எப்பப் போச்சுன்னு சொல்லிடுவாங்க. நமக்கு வெச்ச மூக்குக் கண்ணாடியே எங்கன்னு தெரியாது. நஞ்சன் அதிகம் பேச மாட்டாரு. பத்து கேட்டா ஒண்ணு சொல்லுவாரு. மருதன் நேர் எதிரு, லொடலொடன்னு வாயாடி. ஆந்தை மாதிரிக் கத்துவான், செந்நாய் மாதிரி விசில் அடிப்பான்.

"ம்."

அவங்களுக்கு அப்பா இல்ல. எப்படிப் போனாரு தெரியுமா? ஒரு நாள் ராத்திரி குடிசைக்கு வெளிய யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரே ஒரு தடவை. மனுசன் "ஓ"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாரு. போனவரு போனவருதான். அப்புறம் அவங்க அம்மா ரெண்டு பசங்களையும் உக்கார வெச்சு சத்தியம் வாங்கினா. "இருட்டுல யாரு கூப்பிட்டாலும் ஒடனே ஓன்னு சொல்லாதீங்க. பேயி ரெண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசன்." நம்ம பக்கமும் இப்படிச் சொல்லுவாங்க, ஆனா நாம காத்துல விட்டுடுவோம். அப்பனைப் பறிகொடுத்தவன் விடுவானா? அப்புறம் நஞ்சன் கையப் புடிச்சு அந்தம்மா இன்னொண்ணும் சொன்னா. "காட்டுக்குள்ள ரெண்டு பேரா போங்க, ரெண்டு பேரா வாங்க. தம்பிய உன் கைல குடுத்திருக்கேன்."

அதுல இருந்து அப்படித்தான் போனாங்க, அப்படித்தான் வந்தாங்க.

அப்போ ஒரு மார்கழி மாசம். டவுன்ல இருந்து ஒரு அப்பாவும் ஒரு பாப்பாவும் வந்தாங்க. பாப்பாவுக்கு எட்டு வயசு. அடம்னா அடம், அப்படி ஒரு அடம். வீட்ல யாரும் அடக்கி வெக்கலை. தலைல ஒரு சிவப்புக் குல்லா போட்டிருந்தா, அவங்க அம்மா கம்பளி நூல்ல பின்னிக் குடுத்தது.

போற வழில ஒரு ஓடை. ஓடைக்கரைல ஒரு சாமி கல்லு. அங்க செருப்பைக் கழட்டிட்டு, ஆளுக்கு ஒரு பச்சைக் கொத்து ஒடிச்சுக் கல்லு மேல போட்டுக் கும்புட்டாத்தான் உள்ள போகணும். மருதன் சொன்னான், "குல்லாவையும் கழட்டிக்கோ பாப்பா. சாமி உன் முகத்தைப் பாக்கட்டும், இல்லாட்டி கொரங்குக் குட்டின்னு நெனச்சுக்கும்." பாப்பா சிரிச்சுட்டே கழட்டிப் பக்கத்துப் பாறைல வெச்சா. கும்புட்டா. அப்படியே நடந்துட்டா.

"குல்லா?"

அதான் சொல்ல வர்றேன், அவசரக் குடுக்கை.

போகப் போக மருதன் சொல்லிட்டே வந்தான். "இங்க யானைன்னு பேர் சொல்லக் கூடாது பாப்பா, பெரியவருன்னு சொல்லணும். தூரத்துல இருந்தா தகரத்தைத் தட்டலாம், லைட் அடிக்கலாம், ஒதுங்கிப் போயிடுவாரு. கிட்ட வந்துட்டா மட்டும் மூச்சுக் காட்டக் கூடாது. மரத்தோட மரமா நிக்கணும்." பாப்பா தலைய ஆட்டினா.

பரண் மேல ஏறினாங்க. கிரீச், கிரீச்சுன்னு ஏணி. ஏறி உக்காந்ததும் பாப்பா "தண்ணி"ன்னு அழுதா. நஞ்சன் தண்ணி குடுத்தாரு. அப்புறம் "பசிக்குது"ன்னு அழுதா. மருதன் மடில இருந்து சுட்ட கெழங்கை எடுத்து உரிச்சுக் குடுத்தான். அப்புறம் தலையத் தொட்டுப் பாத்தா. "என் குல்லா!" அவ்வளவுதான், வீல்னு ஒரே கத்தல். அவங்க அப்பா அவரு மேல்துண்டை எடுத்துக் காதைச் சுத்திக் கட்டி விட்டாரு. வேண்டாமாம். குல்லாதான் வேணுமாம்.

"இப்படிக் கத்தினா ஒரு மிருகமும் வராதே"ன்னு அப்பா சங்கடப்பட்டாரு. "வெளிச்சம் இருக்கே, ஓடை பக்கம்தானேப்பா?"

"வேண்டாமுங்க. விடிஞ்சு எடுத்துக்கலாம்"னாரு நஞ்சன்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காது குளுருதாம்"னான் மருதன். "ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன். இந்த ஏணி ஆடி நிக்கறதுக்குள்ள வந்துருவேன்."

நஞ்சன் தம்பியப் பாத்தாரு. தானும் கூடப் போலாம்னா, இந்த அப்பாவையும் பொண்ணையும் தனியா விட முடியாது. பாப்பா இன்னும் தேம்பிட்டு இருந்தா. அப்போ அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துச்சு. "சரி."

அந்த ஒரு சரியத்தான் மனுசன் சாகற வரைக்கும் மென்னுட்டு இருந்தாரு.

"ம்."

மருதன் போனான். சரக் சரக்னு சருகு மிதிக்கற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் கேக்கலை. மார்கழில பொழுது சட்டுனு எறங்கிடும் கண்ணு. குட்டைக்கு மொதல்ல புள்ளிமான் வந்துச்சு, துளி சத்தமில்லாம. பாப்பா அழுகைய நிறுத்திட்டா. அப்புறம் காட்டெருமை வந்துச்சு, தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு. நஞ்சன் குட்டையப் பாக்கவே இல்ல. ஓடைப் பக்கமே பாத்துட்டு இருந்தாரு. கும்மிருட்டு ஆயிடுச்சு.

அப்போ கூப்பாடு கேட்டுச்சு.

"அண்ணோவ்வ்வ்..."

நஞ்சன் துள்ளி எந்திரிச்சாரு. வாயத் தெறந்தாரு. தெறந்த வாய மூடிக்கிட்டாரு.

"அந்த அண்ணன் கூப்பிடறாங்க. ஏன் பேச மாட்டீங்கறீங்க?"ன்னு பாப்பா கேட்டா.

"இரு சாமி. அது அவன்தானான்னு தெரியணும். மூணாவது கூப்பிடட்டும்."

குட்டைல தண்ணி குடிச்சுட்டு இருந்த எருமையெல்லாம் தலையத் தூக்குச்சு. தடதடதடன்னு ஓடிப் போச்சு.

"அண்ணோவ்வ்வ்..."

ரெண்டு. நஞ்சன் பரண் மூங்கிலைப் புடிச்ச புடில மூங்கில் முறுக்குன்னு சத்தம் போட்டுச்சு. டார்ச்சு ஒரு கைல இருக்கு. தகர டப்பா காலடில இருக்கு. ஒதடு மட்டும் ஆடுது. "கூப்புடுடா... இன்னொண்ணு கூப்புடு... ஒண்ணே ஒண்ணு கூப்புடு சாமி..."

வேணி?

"ம்... கூப்பிட்டாங்களா?"

கூப்பிடலை கண்ணு.

சில்வண்டு கூட நின்னு போச்சு. அப்புறம் சடசடசடன்னு மூங்கில் ஒடியற சத்தம். மடார்னு ஒண்ணு. அவ்வளவுதான். அந்த நேரம் நஞ்சன் சத்தியத்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, "ஓ! ஓ! மருதா, ஓ! இங்கடா!"ன்னு கத்தினாரு. டார்ச்சை அடிச்சாரு, டப்பாவை டங்கு டங்குன்னு தட்டினாரு. பதிலே வரலை. மூணாவதுக்குக் காத்துட்டு இருந்த நேரத்துல எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு.

அப்புறம் ஏணில ஒரு காலை வெச்சாரு. கீழ பாத்தா சளப் சளப்புன்னு சத்தம். டப்பா சத்தத்துக்கு ஒதுங்கற தூரத்தைத் தாண்டி, பெரியவருங்க கிட்டவே வந்துட்டாங்க. ஒண்ணு, ரெண்டு, ஏழு பேரு. பரணைச் சுத்தி நின்னுட்டாங்க. எறங்க வழியில்ல.

நெலா மேல வந்துச்சு. அந்தக் கூட்டத்துல ஒரு குட்டி இருந்துச்சு. தும்பிக்கைய என்ன பண்றதுன்னு தெரியாம அதையே மிதிச்சு வழுக்கி, பொத்துன்னு தண்ணில விழுந்துச்சு. அம்மா யானை தூக்கி விட்டுச்சு. மறுபடி விழுந்துச்சு. பாப்பா கை தட்டிச் சிரிச்சா. "அப்பா, குட்டிய பாரு, குட்டிய பாரு!"ன்னு குதிச்சா. அந்த அப்பாவும் பாத்தாரு. கூப்பாடு கேட்டவருதான் அவரும், ஆனா டவுன்காரருக்குக் காட்டோட பாசை என்ன தெரியும்? எதைப் பாக்க வந்தாங்களோ அதைக் கண் நெறையப் பாத்தாங்க. நஞ்சன் ஒருத்தரு மட்டும் முதுகைக் காட்டி, ஓடைப் பக்கம் திரும்பி, விடிய விடிய நின்னாரு.

"ம்."

விடிஞ்சுச்சு. பெரியவருங்க போயிட்டாங்க. மூணு பேரும் எறங்கிப் போனாங்க. ஓடைக்கும் பரணுக்கும் நடுவுல ஒரு வேங்கை மரம். அதுக்குப் பின்னால ஈர மண்ணுல ரெண்டு காலு பதிஞ்சிருந்துச்சு. கால் வெரலெல்லாம் நல்லா அழுந்திப் பதிஞ்சிருந்துச்சு. நஞ்சன் குனிஞ்சு பாத்தாரு. அவருக்கு மண்ணு சொல்லிடுச்சு. தம்பி இங்க நின்னுதான் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். அண்ணன் ஓன்னு சொல்லி லைட் அடிச்சிருந்தா, பெரியவருங்க ஒதுங்கியிருப்பாங்க, பரண் எந்தப் பக்கம்னு பாத்து இவனும் ஓடி வந்திருப்பான். அதுக்குள்ள கிட்ட வந்துட்டாங்க. கிட்ட வந்துட்டா மூச்சுக் காட்டக் கூடாதே. அதான் மூணாவது கூப்பாட்டை முழுங்கிட்டான்.

நாலு அடி தள்ளி மருதன் கெடந்தான்.

"தூங்கறாங்களா?"

இல்ல கண்ணு. செத்துப் போயிட்டான். பொய் சொல்லித் தூங்க வெக்க எனக்குத் தெரியாது.

சட்டைக்குள்ள நெஞ்சுல அந்தக் குல்லா இருந்துச்சு. ஒரு பொட்டு மண்ணு ஒட்டலை. நஞ்சன் அதை எடுத்தாரு. பாப்பா கிட்ட வந்து மண்டி போட்டு, அவரே தலைல மாட்டி விட்டாரு. ஒரு கோவம் இல்ல, ஒரு சுடுசொல்லு இல்ல. "போட்டுக்கோ பாப்பா. கொண்டு வந்துட்டான்ல"ன்னாரு. அப்புறம்தான் அழுதாரு. அடிச்சுக்கிட்டு அழுதாரு. ரெண்டு பேரா போனவரு அன்னிக்கு ஒத்தையில அம்மா கிட்டப் போய் நின்னாரு. அந்தம்மா ஒரு வார்த்தை கேக்கலையாம். கேட்டிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

பாப்பா அந்தக் குல்லாவை வீடு வந்ததும் கழட்டினா. அதுக்கப்புறம் ஒரு மார்கழிக்கும் போடலை.

"அத்தை..."

சொல்லு.

"உன்ற பீரோல ஒரு சிவப்புக் குல்லா இருக்கே. நான் எடுத்தப்போ திட்டினியே."

...ம். ஆமா கண்ணு. அதேதான். அந்த அடக்காரப் பாப்பா நான்தான். உன்ற தாத்தாதான் அந்த அப்பா.

அழாத. இங்க வா, கிட்டப் படு. மிச்சத்தையும் கேட்டுடு.

வளந்தப்புறம் நான் ஒரு தடவை அங்க போனேன். நஞ்சன் அண்ணனுக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. அப்பவும் அதே பரணுக்குத்தான் சனத்தைக் கூட்டிட்டுப் போயிட்டு இருந்தாரு. மன்னிச்சுக்குங்கன்னு சொல்லத்தான் போனேன். அதுக்கு முந்தி அவரே சொன்னாரு. "நீ கொழந்தை சாமி. கொழந்தை அழத்தான் செய்யும். பதில் சொல்லாதது நானு." அன்னிக்குப் பொழுது எறங்கினப்போ காட்டுல எதுவோ கூவுச்சு. பறவையோ என்னவோ. அவரு ஒடனே "ஓ"ன்னாரு. இன்னொண்ணு கூவுச்சு. அதுக்கும் "ஓ"ன்னாரு. கூட இருந்த பசங்க, "ஏன் பெரியப்பா, பேயா இருந்தா?"ன்னு கேட்டாங்க. "இருக்கட்டுமே. கூப்பிட்டுச்சுல்ல? மொதத் தடவையே ஓன்னு சொல்லிப் பழகுங்கடா"ன்னாரு.

இப்ப அவரும் இல்ல. போய்ச் சேந்துட்டாரு.

தூக்கத்துல கூட நான் ஓன்னு எந்திரிக்கறேன்னு உன்ற அப்பன் கேலி பண்றான்ல? பால்காரன் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாலும் நான் பதில் சொல்றேன்னு எல்லாரும் சிரிக்கறீங்கல்ல? சிரிச்சுக்குங்க.

வேணி?

...

தூங்கிட்டியா. தூங்கு, தூங்கு. நான் இன்னொரு தடவை கூப்பிடலை. கதை காடு ஏறிப் போச்சு, கண்ணு வீடு வந்து சேந்துச்சு. ராத்திரி தாகமா இருந்தாலும் சரி, கனாக் கண்டு பயந்தாலும் சரி, ஒரே ஒரு தடவை கூப்பிடு கண்ணு. அத்தை "ஓ"ங்கறேன்.