மாவுக்கட்டும் டைட் எண்டும்

மேனேஜர் மகுடபதிக்கு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரங்களைப் பொறுக்கி எடுத்து போன் கேம்ல கற்பனை டீம் கட்டற பைத்தியம். அவர் முன்னாடி பவுனுத்தாய் லீவு லெட்டரோட நின்னா. ஆபீஸ் படியில உருண்டு விழுந்து கையில மாவுக்கட்டு.

"டைட் எண்டுன்னு ஒருத்தன்மா. பந்தையும் பிடிப்பான், இடியையும் வாங்குவான். ஆள் எடுக்கற முதல் ரவுண்டுலயே அவனை என் டீமுக்கு எடுக்கணும். சீசன் முழுக்க அடிபடாத ஒருத்தனைச் சொல்லு, லீவு தர்றேன்."

"அடிபட்டா அவனுக்கு லீவு உண்டா சார்?"

"சம்பளத்தோட உண்டு."

"அப்ப அவனுக்கு அடிபடத்தான் செய்யும். நம்ம ஆபீஸ்லேர்ந்து எடுங்க சார். இங்க எல்லார் லீவு லெட்டர்லயும் 'அடி ஒண்ணும் இல்லை'ன்னு நீங்கதானே எழுதறீங்க?"

ஆபீஸே சிரிச்சுது. மகுடபதி கையெழுத்துப் போட்டாரு. காரணம்ங்கற இடத்துல மட்டும் 'ஆபீஸ் படியில அடி'ங்கறதை அடிச்சுட்டு 'சொந்த வேலை'ன்னு எழுதினாரு.